முழங்கால் வலியுற்ற பெண்களுக்கான குருதியோட்ட மட்டுப்பாட்டுப் பயிற்சி: திண்டுக்கல் சமவெளியை முன்வைத்து ஓர் அறிவியல் தமிழ் விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

தொடையின் மேற்பகுதியில் காற்றுப்பட்டை ஒன்றை அளவறிந்து இறுக்கி, குறைந்த எடையுடன் தசைப்பயிற்சி செய்விக்கும் முறை குருதியோட்ட மட்டுப்பாட்டுப் பயிற்சி எனப்படும். மிகுந்த எடையைத் தாங்க இயலாத முழங்காலை உடைய பெண்களுக்கு இம்முறை எவ்வகையில் உதவுகிறது, அதன் எல்லைகள் யாவை என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. இப்பயிற்சியைத் தமிழில் பெயரிட்டு உரைப்பதில் நேரும் பொருள்மயக்கம் பயன்படுத்துவோரின் உடலுக்கே தீங்காகலாம் என்பதையும், அளவு என்னும் கருத்து பெயரிலேயே இடம்பெற வேண்டும் என்பதையும் இது நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: முழங்கால் வலி, தொடைத்தசை, குருதியோட்ட மட்டுப்பாடு, அளவுக்கட்டு, அறிவியல் தமிழ், திண்டுக்கல்.

முன்னுரை

திண்டுக்கல் சமவெளிப் பெண்களின் உழைப்பில் முழங்கால் தாங்கும் சுமை பெரிது. நிலக்கோட்டைப் பகுதியில் மல்லிகை பறித்தல், தரையில் அமர்ந்து சின்ன வெங்காயத்தின் தாள் அறுத்தல், சின்னாளப்பட்டியில் சுங்குடிச் சேலைக்கு முடிச்சிடுதல், வேடசந்தூர் வட்டார நூற்பாலைகளில் பணிநேரம் முழுவதும் நின்றும் நடந்தும் இயங்குதல் ஆகியவற்றில் முழங்கால் நெடுநேரம் மடங்கியிருக்கிறது. அல்லது நெடுநேரம் உடலைச் சுமக்கிறது. இவற்றோடு வீட்டு வேலையும் சேர்கிறது.

முழங்கால் மூட்டு நோய் ஆண்களைவிடப் பெண்களிடம் மிகுதி என்பதும், மாதவிடாய் நின்ற பின்னர் அது மேலும் கூடுகிறது என்பதும் மருத்துவ உலகம் ஏற்ற செய்திகள். வலி வந்தபின் உழைப்பை விட முடியாதவர்கள் வலியோடு உழைக்கிறார்கள். விட முடிந்தவர்கள் அசைவையே விட்டுவிடுகிறார்கள். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழி ஒன்றை இப்பயிற்சி காட்டுகிறது.

1. ‘தேய்மானம்’ என்னும் சொல்லும் அதன் விளைவும்

சித்த மருத்துவம் இந்நோயை அழல் கீல் வாயு என வழங்குகிறது. மக்கள் வழக்கிலோ ‘மூட்டுத் தேய்மானம்’ என்பதே நிலைபெற்றுள்ளது. இச்சொல் நோயின் ஒரு கூற்றைச் சரியாகவே சுட்டுகிறது. மூட்டின் குருத்தெலும்பு மெலிவது உண்மை. எனினும் தேய்மானம் என்றதும் செருப்பும் வண்டிச் சக்கரமும் நினைவுக்கு வருகின்றன. அவை பயன்படுத்தப் பயன்படுத்தத் தேயும், ஓய்வளித்தால் நீடிக்கும். முழங்காலையும் அவ்வாறே கருதும் பெண், ‘நடந்தால் இன்னும் தேயும்’ என்று முடிவுசெய்கிறார்.

உடல் இவ்வாறு இயங்குவதில்லை. முழங்காலின் மேல் விழும் சுமையில் ஒரு பங்கைத் தொடையின் முன்புறத் தசை ஏற்கிறது. படியிறங்கும்போது மூட்டின்மீது உடல் எடையைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்குச் சுமை விழுகிறது. தசை வலுவாக இருந்தால் இறக்கம் சீராகும். வலிக்கு அஞ்சி அசையாதிருக்கையில் அத்தசை மெலிகிறது. மெலிந்தபின் ஒவ்வோர் அடியும் மூட்டைக் கூடுதலாக வருத்துகிறது. வருத்தம் மீண்டும் அசைவைக் குறைக்கிறது. இச்சுழற்சியை உடைக்கத் தொடைத்தசையை வலுப்படுத்த வேண்டும்.

இங்கேதான் சிக்கல் எழுகிறது. தசை பருத்து வலுப்பெற, ஒருவர் ஒருமுறை மட்டுமே தூக்க இயலும் உச்ச எடையில் 60 முதல் 80 விழுக்காடு வரை சுமந்து பயிலவேண்டும் என்பது வழக்கமான பரிந்துரை. வலியுள்ள முழங்கால் அச்சுமைக்கு இடங்கொடுப்பதில்லை. மருந்தாக வேண்டிய எடையே வலியைத் தூண்டுகிறது.

2. பயிற்சியின் தோற்றம்

இம்முறைக்கு வித்திட்டவர் ஜப்பானியரான யோஷியாகி சாட்டோ. 1966-இல் பௌத்தச் சடங்கு ஒன்றில் நெடுநேரம் மண்டியிட்டு அமர்ந்திருந்தபோது, கடும் உடற்பயிற்சிக்குப் பின் தோன்றும் விறுவிறுப்பைக் கெண்டைக்காலில் உணர்ந்த அவர், குருதியோட்டம் குறைந்ததே அதற்குக் காரணம் எனக் கருதித் தம் உடலிலேயே சோதனைகள் செய்தார். அம்முறைக்குக் ‘காட்சு’ எனப் பெயரிட்டார். அழுத்தம் கூட்டுதல் என்பது அதன் பொருள். பின்னர் ஆங்கிலவழி ஆய்வுலகம் குருதியோட்டம் குறைவதை முதன்மைப்படுத்திப் பெயரிட்டது. ஜப்பானியப் பெயர் கை செய்யும் செயலைச் சொல்கிறது. ஆங்கிலப் பெயர் உடலுக்குள் நிகழும் விளைவைச் சொல்கிறது. எவ்வளவு என்பதை இரண்டும் சொல்லவில்லை.

3. செயல்படும் முறை

தொடையின் மேற்பகுதியில் அகன்ற காற்றுப்பட்டை சுற்றப்படுகிறது. காலுக்குச் செல்லும் தமனியின் ஓட்டம் முற்றிலும் நின்றுபோகும் அழுத்தம் எது என்பது ஒலியலைக் கருவியால் முதலில் கண்டறியப்படுகிறது. அந்த அழுத்தத்தில் 40 முதல் 80 விழுக்காடு வரை மட்டுமே பயிற்சியின்போது வைக்கப்படுகிறது. ஆகவே உள்வரும் குருதி குறைகிறது; நின்றுவிடுவதில்லை. இதயத்திற்குத் திரும்பும் சிரைக்குருதியோ பெருமளவு தேங்குகிறது. வரத்து வாய்க்கால் சுருங்கி, மறுகாலும் அடைபட்ட குளத்தின் நிலையை இதற்கு ஒப்பிடலாம்.

இந்நிலையில் உச்ச எடையில் 20 முதல் 40 விழுக்காடு வரையிலான எடையுடன் காலை நீட்டி மடக்குகின்றனர். முதலில் 30 முறை, பின்னர் 15 முறை வீதம் மூன்று சுற்று, ஆக 75 முறை செய்வது பரவலான நடைமுறை. சுற்றுகளுக்கிடையே 30 நொடி ஓய்வு உண்டு. பயிற்சி முடிந்ததும் பட்டை தளர்த்தப்படுகிறது.

மெல்லிய எடை வலிய விளைவைத் தருவதற்குரிய காரணங்கள் சில கூறப்படுகின்றன. உயிர்வளி குறைந்த தசையில் லாக்டேட் முதலிய கழிவுகள் தேங்குகின்றன. எளிய வேலைகளைச் செய்யும் மெது இழைகள் விரைவில் சோர்ந்துவிட, வழக்கமாகப் பெரும் எடைக்கு மட்டுமே அழைக்கப்படும் விரைவு இழைகள் வேலைக்கு வருகின்றன. தேங்கிய நீர்மத்தால் தசைச் செல்கள் வீங்குவதும் புரத ஆக்கத்தைத் தூண்டுவதாகக் கருதப்படுகிறது. சுருங்கச் சொன்னால், தசை பெரிய எடையைத் தூக்கியதுபோல் உழைக்கிறது; மூட்டு சிறிய எடையை மட்டுமே உணர்கிறது.

4. பெண்களிடையே நிகழ்ந்த ஆய்வுகள்

இத்துறையின் குறிப்பிடத்தக்க ஆய்வுகள் சில பெண்களை மட்டுமே கொண்டு நிகழ்ந்தவை. பிரேசிலில் ஃபெர்ராஸ் குழுவினர் (2018) முழங்கால் மூட்டு நோயுற்ற 48 பெண்களை மூன்று குழுக்களாக்கி 12 வாரம் பயிற்றினர். ஒரு குழு உச்ச எடையில் 80 விழுக்காட்டையும், மற்றொன்று 30 விழுக்காட்டையும், மூன்றாவது 30 விழுக்காட்டோடு பட்டையையும் பயன்படுத்தின. தசைவலுவிலும் தசையின் பருமனிலும் பட்டையணிந்த குழு, பேரெடைக் குழுவுக்கு ஏறத்தாழ இணையான வளர்ச்சி கண்டது. பேரெடைக் குழுவில் 4 பெண்கள் பயிற்சியால் எழுந்த வலி காரணமாக விலக நேர்ந்தது.

அதே ஆய்வில் மற்றொரு செய்தியும் உண்டு. பட்டையின்றி மெல்லெடை மட்டும் பயின்ற குழுவிலும் வலி குறைந்தது. எனவே வலி தணிவதற்குப் பட்டை இன்றியமையாதது அன்று. மெல்லெடையால் எட்ட முடியாத தசைவலுவை எட்டுவதற்கே அது துணைசெய்கிறது. அமெரிக்காவில் சீகல் குழுவினர் (2015), முழங்கால் நோய்க்கு ஆளாகும் வாய்ப்புள்ள பெண்களிடம் நடத்திய 4 வார ஆய்வும் இதனோடு பொருந்துகிறது. அதில் பட்டை அணிந்தோரின் தொடைவலு கூடுதலாக உயர்ந்தது. வலியில் இரு குழுக்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இவற்றை ஒருங்கே நோக்கின், இப்பயிற்சி வலிபோக்கும் மருந்தன்று என்பதும், வலியால் அடைபட்ட வலுவூட்டலின் வழியைத் திறக்கும் கருவி என்பதும் விளங்கும்.

5. கயிறும் பட்டையும்

காலைக் கட்டுதல் என்றதும் சிற்றூர் மக்களின் நினைவுக்கு வருவது பாம்புக்கடிக்குக் கயிற்றால் இறுக்கும் கட்டு. அதனையே மருத்துவர்கள் இன்று தவிர்க்கச் சொல்கின்றனர். இப்பயிற்சியைப் பற்றி அரைகுறையாகக் கேள்விப்பட்ட ஒருவர் துண்டையோ சேலைக்கிழிசலையோ தொடையில் இறுக்கிக்கொள்ள வாய்ப்புண்டு. அகலம் குறைந்த கட்டில் குருதியோட்டத்தைக் குறைக்கக் கூடுதல் அழுத்தம் தேவைப்படும். அவ்வழுத்தம் குறுகிய இடத்தில் குவிந்து நரம்பை நசுக்கக்கூடும். எவ்வளவு இறுகியது என்பதை அறியவும் வழியில்லை. அகன்ற பட்டையும் அழுத்தமானியும் வசதிக்காகச் சேர்க்கப்பட்டவை அல்ல. அவையே இம்முறையின் உயிர்.

காலின் ஆழ்சிரையில் குருதி உறைந்தவர்கள், கட்டுக்கடங்காத மிகை இரத்த அழுத்தம் உடையவர்கள், கால்களில் தமனி அடைப்புள்ளவர்கள், அரிவாள் செல் நோயாளர், கருவுற்ற பெண்கள் ஆகியோர் இதனைத் தவிர்க்கவேண்டும். சுருள்சிரை உள்ளவர்களுக்கும் நெடுநாள் சர்க்கரை நோயால் கால் உணர்விழந்தவர்களுக்கும் மருத்துவரின் முன்னாய்வு தேவை. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் நடுத்தர வயதில் மிகுந்துவரும் இக்காலத்தில், பட்டையைத் தொடுமுன் இரத்த அழுத்தம் பார்ப்பது முதற்படி. 2021 ஆகஸ்ட் 5-இல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்த அழுத்த, சர்க்கரை மருந்து வழங்கலும் இயன்முறை மருத்துவமும் இல்லத்திற்கே வருகின்றன. முன்னாய்வும் பயிற்சி அறிவுரையும் ஒரே வாசலில் சந்திக்கும் வாய்ப்பு இது.

பட்டை எட்டாத இடத்திலும் பயிற்சி எட்டும். திண்ணையிலோ நாற்காலியிலோ அமர்ந்து காலை நீட்டிச் சில நொடி நிறுத்துதல், முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்துக் கீழ்நோக்கி அழுத்துதல், உயரமான இருக்கையிலிருந்து கை ஊன்றாமல் எழுந்தமர்தல் ஆகியவை செலவற்றவை. மெல்லெடைக் குழுவின் வலி தணிந்த செய்தி இத்தகைய எளிய தொடக்கத்திற்கு ஊக்கம் தருகிறது.

6. பெயரிடுதலில் அளவு

‘இரத்த ஓட்டக் கட்டுப்பாடு’ என்னும் நேர்பெயர்ப்பு இருவகை மயக்கம் தருகிறது. கட்டுப்பாடு என்பது இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்தல் எனப் பொருள்படலாம். பேச்சில் குறுகினால் ‘இரத்தக்கட்டு’ ஆகிவிடும். அச்சொல்லோ அடிபட்ட இடத்தில் குருதி கட்டிக்கொண்ட வீக்கத்தைக் குறிப்பது. ‘இரத்த ஓட்டத் தடை’ என்றால் அடைப்பு என்னும் அச்சம் எழும். குறைத்தலைக் குறித்து, நிறுத்தலைக் குறிக்காத ‘மட்டுப்பாடு’ கலைச்சொல்லாகப் பொருந்துகிறது. மட்டு என்பதற்கே அளவு என்னும் பொருள் உண்டு. மக்கள் வழக்கிற்கு ‘அளவுக்கட்டுப் பயிற்சி’ என்பதை இக்கட்டுரை முன்மொழிகிறது. அளவின்றிக் கட்டக்கூடாது என்னும் எச்சரிக்கை அப்பெயருக்குள்ளேயே அமைகிறது.

டி. எஸ். சௌந்தரமும் ஜி. இராமச்சந்திரனும் 1947-இல் நிறுவிய காந்திகிராமம், மருத்துவப் பணியைக் கிராமப் பெண்களின் வாழ்வோடு இணைத்த இடம். மருத்துவம் ஊருக்குள் வரும்போது அதன் சொல்லும் ஊராருக்கு விளங்கவேண்டும் என்பதற்கு இம்மண்ணிலேயே இடமுண்டு.

முடிவுரை

குருதியோட்ட மட்டுப்பாட்டுப் பயிற்சியின் பயன் கட்டினால் வருவதன்று. கட்டின் துணையோடு மூட்டின் சுமையைக் குறைத்துத் தசையை உழைக்க வைப்பதால் வருவது. பெண்களிடையே நிகழ்ந்த ஆய்வுகள் வலு கூடுவதை உறுதிப்படுத்துகின்றன. வலி தணிவதில் மெல்லெடைப் பயிற்சிக்கே பங்குண்டு என்பதையும் காட்டுகின்றன. ‘தேய்மானம்’ என்னும் சொல் பெண்களை அசைவிலிருந்து விலக்குவதுபோல், பொருந்தாப் பெயர்ப்பு அவர்களை அளவற்ற கட்டுக்குத் தள்ளக்கூடும். இயன்முறை மருத்துவரின் கையில் அழுத்தமானியும், அவர் நாவில் ‘அளவுக்கட்டு’ போன்ற தெளிந்த சொல்லும் சேரும்போதே இம்முறை திண்டுக்கல் சமவெளிப் பெண்களுக்குத் தீங்கின்றிப் பயன்படும்.