குளத்தில் விதை, வங்கியில் மானியம்

பீகாரின் மக்கானா தொழிலைத் தேடி அரசு மானியம் வந்தது. விதையை அடித்துப் பொரிக்கும் கைகளுக்கு அது எட்டியதா?

கடைகளில் 'தாமரை விதை' என்று விற்கப்படும் வெள்ளைப் பொரி உண்மையில் தாமரையின் விதையே அல்ல. அல்லிக் குடும்பத்தைச் சேர்ந்த, இலையெல்லாம் முள் அடர்ந்த வேறொரு நீர்த்தாவரத்தின் விதை அது. வடக்கே மக்கானா என்பார்கள். நாட்டின் உற்பத்தியில் மிகப் பெரும் பங்கு பீகாருடையது. தர்பங்கா, மதுபனி வட்டாரக் குளங்களும், கிழக்கே பூர்ணியா, கட்டிஹார் பக்கத்துத் தாழ்நிலங்களும் இதற்குப் பேர்போனவை. 2022-ல் 'மிதிலா மக்கானா'வுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

காய் வெடித்ததும் விதை குளத்தின் அடிச் சேற்றில் போய்ப் படிந்துவிடும். மல்லா எனப்படும் மீனவச் சமூகத்தினர் மூழ்கி, சேற்றோடு வாரி, மூங்கில் கூடையில் அலசி எடுப்பார்கள். முள் கிழிப்பது தனிக் கதை. பிறகு உலர்த்தி, சல்லடைகளில் அளவு பிரித்து, இரும்புச் சட்டியில் வறுத்து, இரண்டு மூன்று நாள் ஆறப்போட்டு, மறுபடியும் வறுக்க வேண்டும். வித்தையெல்லாம் இந்த இரண்டாம் வறுவலில்தான் இருக்கிறது. கொதிக்கக் கொதிக்க நாலைந்து விதையைக் கையால் அள்ளிப் பலகையில் போட்டு உடனே மரக்கட்டையால் ஓர் அடி. ஓடு உடைந்து பொரி துள்ளும். சூடு ஆறினால் விதை வீண். ஏறக்குறைய இரண்டரை கிலோ விதைக்கு ஒரு கிலோ பொரி. பருவம் வந்தால் தர்பங்கா பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாகப் பூர்ணியாவுக்குப் போய்த் தங்கி, வியாபாரியின் விதையைப் பொரித்துக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறவர்கள் ஏராளம்.

இப்படிப்பட்ட தொழில்களை மனதில் வைத்துத்தான் 2020 ஜூனில் மத்திய அரசு உணவு பதப்படுத்தும் குறுந்தொழில்களுக்கான பிரதமர் திட்டத்தைத் தொடங்கியது. ஒதுக்கீடு 10,000 கோடி ரூபாய். அப்பளம், ஊறுகாய், மாவு அரைப்பது என்று நாடு முழுவதும் சுமார் 25 லட்சம் சிறு கூடங்கள் இருப்பதாகவும், அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு கிராமங்களில் இருப்பதாகவும், பெரும்பாலானவை வீட்டோடு நடப்பவை என்றும் அரசு கணக்கிட்டிருந்தது. மாவட்டத்துக்கு ஒரு பொருள் என்று தேர்வானபோது தர்பங்காவும் மதுபனியும் மக்கானாவைப் பெற்றன.

கணக்கு எளிமையானது. 10 லட்சம் ரூபாயில் ஒரு பொரிக்கூடம் போடுகிறார் ஒருவர். கைப்பணம் ஒரு லட்சம், வங்கிக் கடன் 9 லட்சம். செலவில் 35 சதவீதம், அதாவது மூன்றரை லட்சம், மானியம். ஆனால் அது அவர் கைக்கு வராது. வங்கியில் அவர் பேரில் தனியாக நிற்கும். அந்தத் தொகைக்கு வட்டி இல்லை. மூன்று வருடம் கூடம் நடந்து, தவணையும் ஒழுங்காகப் போயிருந்தால் கடனில் கழித்துக்கொள்ளப்படும். எந்தத் தொழிலுக்கும் பொதுவான, 2008-ல் தொடங்கிய பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டமும் இதே வழியில்தான் போனது. கிராமத்துப் பெண்ணோ, தாழ்த்தப்பட்டவரோ, பழங்குடியினரோ தொழில் தொடங்கினால் அதிலும் 35 சதவீதம்; அதே மூன்று வருடப் பூட்டு.

பூட்டு ஏன்? சூடுபட்ட பூனைதான் காரணம். 1978-ல் தொடங்கி 1980-ல் நாட்டின் எல்லா வட்டாரங்களுக்கும் விரிந்த ஐ.ஆர்.டி.பி.யில் மானியம் முன்கூட்டியே கிடைத்தது. ஒரே எருமை பல பயனாளிகளின் பேரில் வலம் வந்த கதைகளும், காகிதத்திலேயே பிறந்து காகிதத்திலேயே செத்த மாடுகளின் கதைகளும் ஊருக்கு ஊர் உண்டு. உத்தரப் பிரதேசத்தின் பாலன்பூர் கிராமத்தை ஆராய்ந்த பொருளாதார அறிஞர் ஜான் திரேஸ், ஏழைகளைக் கரையேற்றும் திட்டம் என்ற நம்பிக்கையே ஒரு மாயை என்று 1990-லேயே எழுதினார். 1999-ல் ஐ.ஆர்.டி.பி. வேறு திட்டத்தில் கரைக்கப்பட்டது. அதற்குப் பிறகு மானியம் என்றால் பின்னால் வருவது என்பது கிட்டத்தட்ட விதியாகிவிட்டது.

மோசடிக்குப் பூட்டுப் போட்டது சரி. அந்தப் பூட்டு யாரை வெளியே நிறுத்துகிறது என்பதுதான் சங்கடமான கேள்வி. மானியம் கடனின் வாலைப் பிடித்துக்கொண்டு வருகிறது. கடன் இல்லையேல் மானியமும் இல்லை. 10 லட்சம் வரையிலான சிறுதொழில் கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆனால் கடனைத் தருவதா வேண்டாமா என்பது கிளை மேலாளர் கையில். பொரிப்பவருக்குக் குளம் சொந்தமில்லை, அது குத்தகை. விதை வியாபாரியுடையது. வருடத்தில் பாதி நாள் வேற்று மாவட்டத்தில். திட்ட அறிக்கை எழுதித்தர மாவட்டத்துக்கு ஆள் போட்டார்கள் என்றாலும், அந்த அறிக்கையில் இடம், மின்சாரம், விற்பனைக் கணக்கு என்று இருக்கும் கட்டங்களை யாரால் நிரப்ப முடியும்? ஏற்கெனவே கிடங்கும் கடையும் வைத்திருப்பவரால்.

மானியம் பெரும்பாலும் இயந்திரத்தையே குறிவைப்பது இன்னொரு சிக்கல். லூதியானாவிலுள்ள மத்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் மக்கானா பொரிக்கும் இயந்திரத்தை உருவாக்கியிருக்கிறது. விரல் வேகும் வேலை ஒழிவது நல்லதுதான்; அதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. ஆனால் கூடத்துக்கு இயந்திரம் வந்தால் கட்டை பிடித்த குடும்பங்களுக்கு அங்கே என்ன வேலை? வேலை உண்டாக்கத் தந்த பணம் வேலையைக் குறைக்கவும் கூடும். பொரிப்பவர் கேட்பதோ இயந்திரமல்ல. அறுவடை நேரத்தில் விதை மலிவாக இருக்கும்போது வாங்கிப் போட்டு, விலை ஏறும்வரை காத்திருக்கக் கையில் ரொக்கம் வேண்டும். அதற்குத் திட்டம் வைத்திருந்தது, சுய உதவிக் குழுவில் இருக்கும் உறுப்பினருக்குத் தலா 40,000 ரூபாய் தொடக்க மூலதனம். இந்தத் திட்டத்தில் பொரிப்பவருக்கு மிக நெருக்கமான பகுதி இதுதான் என்று சொல்லலாம். பீகாரில் ஜீவிகா குழுக்களில் ஒரு கோடிக்கும் அதிகமான பெண்கள் இருப்பதால் ஆட்களைத் தேடி அலையவும் வேண்டியதில்லை.

அதே ஜீவிகா குழுக்கள் வழியாகத்தான் 2025 செப்டம்பர் 26 அன்று நேர்மாறான ஒரு காரியமும் நடந்தது. தொழில் தொடங்கவென்று 75 லட்சம் பெண்களின் கணக்கில் தலா 10,000 ரூபாய், மொத்தம் 7,500 கோடி, ஒரே நாளில் போய்ச் சேர்ந்தது. கடன் இல்லை, பூட்டு இல்லை, மேலாளர் இல்லை. தொழில் நடப்பதைப் பார்த்து பிறகு 2 லட்சம் வரை தருவதாகவும் அறிவிப்பு. சட்டமன்றத் தேர்தலுக்கு அப்போது இரண்டு மாதம்கூட இல்லை என்பதால் எதிர்க்கட்சிகள் இதை வேறு பெயரில் அழைத்தன. அதற்கு 11 நாள் முன்புதான், பட்ஜெட்டில் சொன்ன தேசிய மக்கானா வாரியம் பூர்ணியாவில் தொடங்கப்பட்டிருந்தது.

இரண்டு வழிகளில் எது பொரிப்பவரை வியாபாரியிடமிருந்து மீட்கும் என்பதைத் தர்பங்காவில் சோதிப்பது சுலபம். எத்தனை கோடி போயிற்று என்பதைப் பார்க்க வேண்டியதில்லை. பருவத்தில் பூர்ணியா போகும் குடும்பங்களில் எத்தனை சொந்த விதையைப் பொரிக்கின்றன என்று எண்ணினால் போதும். அரசின் எந்தப் படிவத்திலும் அதற்குக் கட்டம் இல்லை.