பத்தாயிரம் ரூபாவும் ஒரு கையெழுத்தும்

கந்தோர் உத்தியோகம் என்றவுடன் மின்விசிறி, சாய்வான நாற்காலி, பத்து மணித் தேநீர் என்று எண்ணிப் பெருமூச்செறியும் இளைஞர் நம்மிடையே பலர். மகனுக்கு அரசாங்க உத்தியோகம் கிடைத்துவிட்டால் கவலை தீர்ந்தது என்றிருக்கும் பெற்றோரும் பலர். அந்த நாற்காலியில் அமர்ந்தவர் நாள் முழுவதும் செய்வது யாது என்று கேட்போர் மிகச் சிலரே. அதனை இவ்வாரம் சற்று நெருங்கிப் பார்ப்போம். அதற்குக் கொலன்னாவை பொருத்தமான ஊர்.

களனி கங்கையின் தென்கரையில் கிடக்கும் தாழ்நிலம் கொலன்னாவை. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை வாசிகள் இவ்வூரை எண்ணெய்த் தாங்கிகளைக் கொண்டே அறிவர். ஊரவரோ மழையைக் கொண்டு அறிவர். மலைநாட்டில் கொட்டிய மழை கங்கை வழியே இறங்கி வெல்லம்பிட்டி வீட்டு வாசலுக்கு வந்து சேர்கிறது. நாகலகம் வீதி அளவுகோலில் நீர் 5 அடியை எட்டினால் சிறு வெள்ளம். 7 அடியை எட்டினால் பெரு வெள்ளம். 2016 மே மாதத்தில் அது 7 அடியையும் தாண்டியது. பாயும் படுக்கையும் பள்ளிப் புத்தகங்களும் சேற்றில் ஊறின.

வெள்ளம் வடிந்தபின் வந்தவை படிவங்கள். அவ்வாண்டில்தான் அரசாங்கம் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் மூலம் நாட்டின் வீடுகளனைத்துக்கும் இயற்கை அனர்த்தக் காப்புறுதி செய்திருந்தது. பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு முதலில் 10,000 ரூபா. பின்னர் சேதத்தை மதிப்பிட்டு, உச்ச அளவாக 25 இலட்சம் ரூபா வரை. கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் திறைசேரியிலிருந்து அப்பணம் சேறு படிந்த திண்ணைக்கு வந்து சேர்வதற்கிடையில் ஒரு மேசை இருக்கிறது. பிரதேச செயலகத்தில் அம்மேசையில் இருப்பவர் பெரும்பாலும் ஓர் இளம் பட்டதாரி, அபிவிருத்தி உத்தியோகத்தர். 2020ஆம் ஆண்டில் பயிலுநராகச் சேர்ந்த பட்டதாரிக்கு மாதம் 20,000 ரூபாவே கொடுப்பனவு. இலட்சங்களைச் சரிபார்க்கும் கைக்கு ஆயிரங்களில் ஊதியம்!

கிராம உத்தியோகத்தர் அனுப்பும் பட்டியலைப் படிவங்களோடு ஒப்பிடுவதே அவர் வேலை. கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதாதா என்று நினைக்கலாம். போதாது. குடும்பம் என்பது யாது? இதுதான் முதற் கேள்வி. ஒரே கூரையின் கீழ் தாயும், மணமான இரு மக்களும் தனித்தனியே உலை வைக்கிறார்கள். மின்சாரப் பட்டியலோ ஒன்று. இது ஒரு குடும்பமா, மூன்றா? சுவர் வீட்டுக்காரருடையது, நனைந்த மெத்தை வாடகைக்காரருடையது. வாடகைக்காரரின் பெயரோ ஊரில் உள்ள வாக்காளர் இடாப்பில் கிடக்கிறது. கால்வாயோரத்துக் குடிசைக்கு உறுதி கிடையாது; நீர் மட்டும் உறுதி கேட்காமல் உள்ளே வந்துவிட்டது. நம்மவர் பெயர்களின் கதை இன்னொன்று. அடையாள அட்டையில் ஒரு விதமாகவும் வங்கிப் புத்தகத்தில் வேறு விதமாகவும் எழுதப்பட்டதால், ஒருவரே இருவராகி நிற்பதுண்டு.

முன்னாளில் இவற்றையெல்லாம் விதானையார் வாய்ச்சொல்லால் தீர்த்துவிடுவார். அவருக்கு ஊர் முழுவதும் தெரியும். வேண்டியவர், வேண்டாதவர் என்பதும் தெரியும். 1963இல் அம்முறை ஒழிந்து கிராம சேவகர் வந்தார். 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் பல அதிகாரங்கள் பிரதேச செயலாளரிடம் வந்தன. வாய்ச்சொல்லின் இடத்தைத் தாள் பிடித்தது. அது நல்லதே என்போம். ஆயினும் தாள் அற்றவன் நிலை என்ன?

இங்கேதான் இளம் உத்தியோகத்தரின் நெஞ்சு தராசாகிறது. தகுதியற்றவருக்கு 10,000 ரூபா போய்விட்டால் கணக்காய்வாளர் வினாவுவார். 2018ஆம் ஆண்டுத் தேசிய கணக்காய்வுச் சட்டத்தில், நட்டத்துக்குப் பொறுப்பானவரிடமே அதனை அறவிடவும் ஏற்பாடுண்டு. தகுதியுள்ள ஏழைக்குப் பணம் போகாவிட்டாலோ எந்தப் பேரேட்டிலும் குறை தெரியாது. கணக்குச் சரியாகவே இருக்கும். ஆதலால் ஐயம் வந்தவுடன் 'நிராகரிக்கப்பட்டது' என்றெழுதுவதே பத்திரமான வழி. சோம்பேறிக்கு மட்டுமல்ல, பயந்தவனுக்கும் அதுவே சௌகரியம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தபின் மறுப்புக்குக் காரணத்தை எழுத்தில் கேட்கலாம். விண்ணப்பம் கிடைத்து 14 வேலை நாட்களுக்குள், தகவல் தரப்படுமா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். நம் குடும்பங்களில் எத்தனை பேர் இதை அறிவர்?

அந்த மூன்று உலை வீட்டுக்கே திரும்புவோம். பயந்தவர் மின்சாரப் பட்டியலைப் பார்த்து ஒரு பெயரை எழுதுவார். மற்றவர் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஒழுங்கைக்குள் இறங்குவார். அடுப்படியைப் பார்ப்பார்; அயலாரை விசாரிப்பார்; பிள்ளைகளின் பாடசாலைப் பதிவைக் கேட்பார். பின்னர் படிவத்தின் ஓரத்தில், 'நேரிற் சென்று பார்த்தேன். மூன்று அடுப்புகள் உள்ளன' என்றெழுதித் திகதியிட்டுக் கையொப்பம் வைப்பார். மேலதிகாரி மற்ற இரண்டு பெயர்களையும் பரிசீலிப்பதற்கு அந்த ஓரத்து வரியே ஆதாரம்.