கார் வாங்கப் போறீங்களா? சன்ரூஃப் பார்த்து மயங்காதீங்க! கடலூர், சிதம்பரம் குடும்பங்களுக்கு ஒரு கணக்கு

கடலூர்:

சிங்கப்பூர், துபாய் என்று போய் வியர்வை சிந்திச் சம்பாதித்த பணம், சீட்டுப் பணம், நெல் விற்ற பணம் எல்லாவற்றையும் சேர்த்து வைத்து, 'ஒரு பெரிய காரா வாங்கிடலாம்' என்று கடலூர், சிதம்பரம் பகுதி குடும்பங்கள் ஷோரூம் படி ஏறுகின்றன. எந்த கார் என்பது வீட்டிலேயே முடிவாகி விடுகிறது. பையன் செல்போனில் வீடியோ பார்த்துப் பெயரைச் சொல்லி விடுகிறான். சிக்கல் அதற்கு அப்புறம்தான். அதே காரில் எந்த மாடல்? பெட்ரோலா, டீசலா? கியர் வண்டியா, ஆட்டோமேட்டிக்கா? இந்த இடத்தில்தான் 3 லட்சம், 4 லட்சம் என்று பணம் கையை விட்டுப் போகிறது.

ஒரே பேரு, 9 லட்சம் வித்தியாசம்!

நம்ம ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் கிரெட்டாவையே எடுத்துக்கொள்வோம். 2024 ஜனவரியில் புது முகத்தோடு வந்தபோது அதன் ஷோரூம் விலை சுமார் 11 லட்சத்தில் தொடங்கி 20 லட்சம் வரை இருந்தது. 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. குறைந்த பிறகு விலை கொஞ்சம் இறங்கியது. ஆனால் கீழ் மாடலுக்கும் மேல் மாடலுக்கும் உள்ள தூரம் அப்படியே இருக்கிறது. தெருவில் நிற்கும்போது இரண்டும் ஒரே கார்தான். உள்ளே இருக்கும் சாமான்தான் வேறு.

அந்த சாமானில் எது உயிரைக் காப்பாற்றும், எது கண்ணைப் பறிக்கும் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். 6 ஏர்பேக், நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், வண்டி வழுக்கினால் நேராக்கும் ஈ.எஸ்.சி. ஆகியவை 2024-ல் வந்த கிரெட்டாவின் பேஸ் மாடலிலேயே கொடுக்கப்பட்டன. அதாவது உயிர் காக்கும் முக்கியமான சாமான்களுக்காக டாப் மாடல் போக வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் எல்லா கம்பெனியும் இப்படி இல்லை. நீங்கள் பார்க்கும் காரில், நீங்கள் பார்க்கும் மாடலில் இந்த மூன்றும் இருக்கிறதா என்று கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய வண்டி பார்ப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். 2022-ல் குளோபல் என்கேப் அமைப்பு 2 ஏர்பேக் மட்டும் இருந்த அப்போதைய கிரெட்டாவை மோத விட்டுப் பார்த்ததில் 5-க்கு 3 ஸ்டார்தான் கிடைத்தது. அதே ஆண்டு ஸ்கோடா குஷாக், ஃபோக்ஸ்வேகன் டைகுன் இரண்டும் 5 ஸ்டார் வாங்கின. 2023 அக்டோபர் முதல் நம் நாட்டிலேயே பாரத் என்கேப் என்ற சோதனை நடந்து வருகிறது. சேல்ஸ்மேனிடம் 'எத்தனை ஸ்டார்?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் இழுத்தால் புரிந்துகொள்ளலாம்.

பிறகு மாட்டிக்கொள்ளக் கூடியது எது? டச் ஸ்கிரீன், ரிவர்ஸ் கேமரா, சீட் கவர், அலாய் வீல். இதெல்லாம் வெளியில் பாதி விலைக்குக் கூட கிடைக்கும். ஆனால் ஒயரை வெட்டாமல், கப்ளரில் மாட்டுகிற கடையாகப் பாருங்கள். ஒயரை வெட்டினால் வாரண்டி போச்சு. பின் சீட் ஏ.சி. மட்டும் பிறகு வைக்க முடியாத ஐட்டம். மே மாதம் விருத்தாசலம் போய் வந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். அது இல்லாத மாடலை நான் என்றால் எடுக்க மாட்டேன்.

சன்ரூஃப் விஷயத்துக்கு வருவோம். அக்னி நட்சத்திர வெயிலில் அதை யார் திறக்கப் போகிறார்கள்? வருஷத்தில் 10 நாள் சாயங்காலம் திறந்தால் பெரிசு. அதன் ஓரத்தில் தண்ணீர் வடியும் குழாய் உண்டு. வேப்பமரத்தடியில் நிறுத்தினால் பூவும் இலையும் அடைத்துக்கொண்டு மழைத் தண்ணீர் உள்ளே சொட்டும். பிள்ளைகளைத் தலையை நீட்டி நிற்க வைத்து ஓட்டுவதோ உயிருக்கே ஆபத்து. திடீர் பிரேக் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

மாசம் 4,900 ரூபாய் கூடுதல்

நடு மாடலை விட்டு 3 லட்சம் அதிகம் உள்ள டாப் மாடலுக்கு லோன் போட்டால் என்ன ஆகும்? 9.5 சதவீத வட்டியில் 7 வருடத்துக்கு மாதத் தவணை கூடுதலாக சுமார் 4,900 ரூபாய். 3 லட்சத்துக்கு மொத்தம் 4 லட்சத்து 12 ஆயிரம் வரை கட்டி முடிப்பீர்கள். அதோடு ரோடு டாக்ஸ் தனியாக 54 ஆயிரம். ஒரு பிள்ளையின் ஸ்கூல் பீஸ் அதில் போய் விடும்.

லோனை 7 வருஷத்துக்கு இழுப்பதிலும் சூட்சுமம் இருக்கிறது. இதே வட்டியில் 10 லட்சம் கடனுக்கு 7 வருடத் தவணை மாதம் சுமார் 16,350. 5 வருடத் தவணை சுமார் 21,000. தவணை குறைவாகத் தெரியும் 7 வருடக் கணக்கில் வட்டி மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் அதிகமாகக் கட்டுகிறீர்கள். 5 வருடத் தவணை கட்ட முடியாத கார், நம் சக்திக்கு மேல் உள்ள கார் என்று அர்த்தம்.

பெட்ரோலா, டீசலா?

'டீசல்தான் மைலேஜ்' என்று பெரியவர்கள் சொல்வார்கள். கணக்கு போட்டுத்தான் பார்க்க வேண்டும். ஒரே மாடலில் பெட்ரோலை விட டீசல் சுமார் ஒன்றரை லட்சம் அதிகம். ரோடு டாக்ஸ் சேர்த்தால் ஒன்றே முக்கால் லட்சத்துக்கு மேல். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், டீசல் 92 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் வண்டி 13 கி.மீ., டீசல் வண்டி 17 கி.மீ. கொடுத்தால், கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 28 காசு டீசலில் மிச்சம். அப்படியானால் கூடுதலாகக் கொடுத்த பணத்தை எடுக்கவே 77 ஆயிரம் கி.மீ. ஓட வேண்டும்!

ஞாயிற்றுக்கிழமை கோவில், எப்போதாவது ஒரு கல்யாணம் என்று மாதம் 1,000 கி.மீ. ஓட்டும் குடும்பத்துக்கு இதற்கு ஆறரை வருடம் ஆகும். பேசாமல் பெட்ரோல் எடுத்து விடலாம். சிதம்பரத்தில் வீடு, கடலூரில் வேலை என்று தினமும் போக வர சுமார் 90 கி.மீ. ஓட்டுகிறீர்களா? மாதம் 2,500 கி.மீ. ஆகும். இரண்டரை வருடத்தில் பணம் திரும்பி விடும். அவர்களுக்கு டீசல் சரி.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இப்போது வரும் பி.எஸ்.6 டீசல் கார்களில் புகையை வடிகட்ட டி.பி.எப். என்ற ஃபில்டர் இருக்கிறது. திருப்பாதிரிப்புலியூரில் இருந்து மஞ்சக்குப்பம் வரை போய்த் திரும்புவது மட்டுமே வேலை என்றால், அந்த ஃபில்டர் சூடாகி கரியை எரிக்க வாய்ப்பே இல்லை. அடைத்துக்கொண்டு டேஷ்போர்டில் லைட் எரியும். செலவு வைக்கும். அடிக்கடி ஹைவேயில் நின்று நிதானமாக ஓடும் வண்டிக்குத்தான் டீசல் லாயக்கு.

டர்போ பெட்ரோல் இழுவை பிரமாதம்தான். கிரெட்டாவில் சாதா பெட்ரோல் 115 பி.எஸ். என்றால் டர்போ 160 பி.எஸ். ஆனால் காலை அழுத்தினால் பெட்ரோல் குடிக்கும். குடும்ப வண்டிக்கு அவசியம் இல்லை. மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடரில் வரும் ஸ்ட்ராங் ஹைப்ரிட் லிட்டருக்கு கிட்டத்தட்ட 28 கி.மீ. என்று கம்பெனி சொல்கிறது. டவுன் நெரிசலில் நன்றாகவே மிச்சம் பிடிக்கும். ஆனால் விலை சில லட்சம் கூடுதல், டிக்கி இடமும் குறைவு. சி.என்.ஜி. என்றால் பங்க் உங்கள் ஊருக்கு எவ்வளவு தூரம் என்பதை முதலில் பாருங்கள்.

எஸ்.யூ.வி. என்றாலே நாலு சக்கரமும் இழுக்கும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்த சைஸ் கார்களில் பெரும்பாலானவற்றில் முன் இரண்டு சக்கரம் மட்டுமே இழுக்கும் என்பது குறிப்பிடத்தக்கது. சேற்றில் சிக்கினால் மாருதி ஆல்ட்டோவும் இதுவும் ஒன்றுதான்.

தண்ணீரில் இறக்காதீங்க!

கடலூர்க்காரர் கார் வாங்கும்போது மழையை மறக்கவே கூடாது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல். 2015 நவம்பரில் பெருவெள்ளம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையால் தென்பெண்ணை ஆற்றில் வெள்ளம். நம்ம மாவட்டத்துக்கு இது புதுசா என்ன?

'கிரவுண்ட் கிளியரன்ஸ் 190 மி.மீ., 220 மி.மீ., அதனால் தண்ணீரில் போகலாம்' என்று நினைப்பது தப்பு. தரைக்கும் வண்டி அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி அது. என்ஜின் காற்றை இழுக்கும் குழாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதுதான் முக்கியம். முன்னால் போகும் பஸ் எழுப்பும் அலை அந்தக் குழாய்க்குள் போனால் காற்றுக்குப் பதில் தண்ணீர் சிலிண்டருக்குள் நுழையும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்து விடும். என்ஜின் காலி. செலவு லட்சத்தில் போகும்.

இதில் பெரிய வேதனை என்னவென்றால், சாதாரண இன்சூரன்சில் இதற்குப் பணம் கிடைப்பது கஷ்டம். தண்ணீரில் நின்ற வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம் என்று கை விரித்து விடுவார்கள். 'என்ஜின் புரொடெக்ட்' என்ற கூடுதல் பாலிசி எடுத்திருக்க வேண்டும். வருஷத்துக்கு சில ஆயிரம்தான். வண்டி தண்ணீரில் நின்று விட்டால் சாவியைத் தொடாமல், தள்ளிக்கொண்டு வந்து மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். சன்ரூஃப்புக்குக் கொடுக்கும் பணத்தில் இந்த பாலிசியைப் பல வருஷம் கட்டலாம்.

தேவனாம்பட்டினம், கிள்ளை, பரங்கிப்பேட்டை போல கடலோரத்தில் வீடு இருந்தால் உப்புக் காற்று வண்டியின் அடிப்பாகத்தை அரிக்கும். மாதம் ஒரு தடவை அடியிலும் தண்ணீர் அடித்துக் கழுவச் சொல்லுங்கள்.

தெருவில் திரும்புமா?

கிரெட்டாவின் அகலம் 1,790 மி.மீ. டாடா ஹாரியர் 1,922 மி.மீ. 13 சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனித் திருமஞ்சனம், மார்கழி ஆருத்ரா தரிசன சமயத்தில் சிதம்பரம் சன்னதித் தெருப் பக்கம் வண்டியை விட்டுப் பார்த்தவர்களுக்கு அந்த 13 சென்டிமீட்டர் என்னவென்று தெரியும். வாங்கும் முன் டெமோ காரை உங்கள் தெருவுக்கே கொண்டு வரச் சொல்லி, வீட்டு வாசலில் திருப்பிப் பாருங்கள். அம்மா, அப்பாவையும் ஏறி இறங்க வைத்துப் பாருங்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு உயரமான வண்டி எல்லாமே வசதி இல்லை.

வீட்டில் 7 பேர் என்றால் 5 சீட் வண்டியில் அடைக்காதீர்கள். எர்டிகா, கேரன்ஸ் மாதிரி 7 சீட் வண்டி பார்க்க எஸ்.யூ.வி. கெத்து இல்லைதான். ஆனால் எல்லோரும் பெல்ட் போட்டு உட்காரலாம்.

10 லட்சம் என்ற கோடு

2023 நவம்பரில் தமிழக அரசு ரோடு டாக்சை உயர்த்தியது. 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை உள்ள காருக்கு 13 சதவீதம். 10 லட்சத்தைத் தாண்டினால் 18 சதவீதம். 20 லட்சத்துக்கு மேல் 20 சதவீதம். 9 லட்சத்து 90 ஆயிரம் காருக்கு டாக்ஸ் சுமார் 1.29 லட்சம். 10 லட்சத்து 10 ஆயிரம் காருக்கு சுமார் 1.82 லட்சம். 20 ஆயிரம் ரூபாய் ஐட்டத்துக்கு ஆசைப்பட்டால் டாக்ஸ் மட்டும் 53 ஆயிரம் ஏறுகிறது!

ஜி.எஸ்.டி.யிலும் ஒரு கோடு உண்டு. 4 மீட்டர் நீளத்துக்குள், பெட்ரோல் 1,200 சி.சி., டீசல் 1,500 சி.சி.க்குள் இருந்தால் 18 சதவீதம். தாண்டினால் 40 சதவீதம். வென்யூ, நெக்ஸான் போன்றவை அந்தக் கோட்டுக்குள் நிற்பதற்காகவே 3,995 மி.மீ. நீளத்தில் வருகின்றன. வீட்டில் 4 பேர்தான், பட்ஜெட் இடிக்கிறது என்றால் பெரிய காரின் பேஸ் மாடலை விட இவற்றின் நல்ல மாடல் மேல்.

'புதுச்சேரியில் போட்டால் டாக்ஸ் மிச்சம்' என்று காதில் ஓதுபவர்கள் கடலூரில் அதிகம். முள்ளோடை தாண்டி பெட்ரோல் போடுவது வேறு, பொய் முகவரி கொடுத்து காரைப் பதிவு செய்வது வேறு. கேரள சினிமா பிரபலங்கள் சிலரே 2017-ல் இப்படி வழக்கில் சிக்கினார்கள். 12 மாதத்துக்கு மேல் இங்கேயே ஓட்டினால் டி.என். 31 அல்லது டி.என். 91-க்கு மாற்றியே ஆக வேண்டும்.

கடைசியாக பில் போடும் நேரம். இன்சூரன்சை ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. வெளியில் விலை கேட்டு, அந்தப் பேப்பரைக் காட்டினாலே பல இடங்களில் குறைப்பார்கள். ஆக்சசரீஸ் கிட் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். தயாரிப்பு மாதமும் வருடமும் ஆர்.சி.யில் ஏறும். ஜனவரியில் வாங்கும் கார் போன வருஷத் தயாரிப்பாக இருந்தால், விற்கும்போது ஒரு வயது கூடுதலாகத்தான் பேசுவார்கள். அதைச் சொல்லி இப்போதே விலையைக் குறைத்துக் கேளுங்கள். பணம் முழுதும் கட்டும் முன், பகல் வெளிச்சத்தில் வண்டியைச் சுற்றி வந்து பாருங்கள்.