மின்கலத்தின் சுமையும் ஆரோக்கியமும்

2012ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு ஆகிய மூன்று மண்டலங்களின் மின் தொகுப்புகளும் ஒருசேரச் செயலற்றன. சுமார் அறுபது கோடி மக்கள் வாழும் நிலப்பரப்பில் மின்சாரம் தடைப்பட்டது. அத்தகைய வேளையில் இன்வெர்ட்டர் உள்ள இல்லத்தார் ஓரளவு கவலையற்றிருப்பர். எனினும் அச்சாதனம் எத்தனை மணி நேரம் உழைக்கும் என்று கேட்டால், வாங்கிய நாளில் கடைக்காரர் சொன்னதையே பலரும் திருப்பிச் சொல்வர். மின்விசிறி நின்றால் வியர்வையோடு போயிற்று. பிராணவாயுக் கருவியை நம்பியிருக்கும் நோயாளி ஒருவர் வீட்டில் இருப்பாராயின், அக்கணக்கைத் திட்டமாக அறிந்திருத்தல் வேண்டும்.

முதலில் சுமையைப் பார்ப்போம். 'லோட்' என்பதற்கு நாம் வழங்கும் இச்சொல் மிகவும் பொருத்தமானதே. வண்டிமாட்டைப் போலவே பாட்டரிக்கும் சுமை கூடக்கூட நடை தளர்கிறது. நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் பிராணவாயுக் கருவிக்குச் சுமார் 350 வாட், பழைய வகை மின்விசிறிக்கு 75, எல்.இ.டி. விளக்குகள் இரண்டுக்கு 18; ஆக 443 வாட். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பாட்டரியில் அடங்கியிருப்பது 1,800 வாட்-மணி. வகுத்துப் பார்த்தால் நான்கு மணி நேரம் என்று வரும். இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். 150 என்ற அளவு பொதுவாக, 20 மணி நேரத்தில் 7.5 ஆம்பியர் வீதம் மெல்ல எடுப்பதற்கே உரியது. மேற்சொன்ன சுமையோ, இன்வெர்ட்டர் விழுங்குவதையும் சேர்த்து, 40 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஆகவே புதிய பாட்டரியேகூட இரண்டு அல்லது இரண்டரை மணி நேரத்தில் ஓய்ந்துவிடலாம்.

இனி ஆரோக்கியம். மின்னேற்றம் நடக்கும்போது வோல்ட்மானி காட்டும் 13.5ஐ நம்புதல் கூடாது. அது ஏற்றுங்கருவியின் அழுத்தமே. முழுதும் ஏற்றி, இணைப்பை நீக்கி, சில மணி நேரம் ஓய்வு கொடுத்தபின் அளக்க வேண்டும். 12.6க்குக் குறையாதிருந்தால் நிறைவு, 12.2 என்றால் ஏறத்தாழப் பாதிதான். அமிலம் ஊற்றிய வகையாயின் ஹைட்ராமீட்டரால் ஆறு அறைகளையும் தனித்தனியே பார்த்தல் நன்று. ஐந்து அறைகள் 1.24 காட்ட, ஒன்று மட்டும் 1.18 காட்டுமாயின், அந்த ஒன்றே மற்றவற்றையும் கீழே இழுத்துவிடும். கண்ணாடியும் கையுறையும் அணிந்து, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். மின்னேற்றத்தின்போது வெளிப்படும் ஹைட்ரஜன் எளிதில் தீப்பற்றுவது, அருகில் விளக்கேற்றலாகாது. குறையும் நீருக்கு ஈடாகக் காய்ச்சி வடித்த நீரையே விடவேண்டும்.

எனினும் கடைசி வார்த்தை கடிகாரத்தினுடையது. பாட்டரி புதிதாயிருக்கும்போதே, பிராணவாயுக் கருவியை இணைக்காமல், விசிறிகளும் விளக்குகளுமாக அதே அளவு சுமையைக் கொடுத்து, இன்வெர்ட்டர் எச்சரிக்கை ஒலி எழுப்பும்வரை ஆகும் நேரத்தைக் குறித்து வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அச்சோதனையைத் திரும்பச் செய்து, உடனே மீண்டும் மின்னேற்றம் செய்யுங்கள். தேக்கிய சக்தி 80 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் பாட்டரியை மாற்றிவிடுவது பொறியாளர் வழக்கம். விளக்குக்கும் விசிறிக்கும் மட்டுமாயின் இன்னும் சில காலம் பொறுக்கலாம். நோயாளி உள்ள வீட்டில் அவ்வழக்கத்தையே கைக்கொண்டு, நிரப்பிய பிராணவாயு உருளை ஒன்றையும் அருகில் வைத்திருத்தல் நலம்.