ஆம்புலன்ஸ் வரும்வரை

சயான் ஆஸ்பத்திரி தாராவிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் பீறிட்டு வரும் ரத்தத்துக்கு அந்தத் தூரமும் அதிகம். உடனே நிறுத்தக்கூடியவை அருகில் இருப்பவரின் இரண்டு கைகள்தான்.

2006 ஜூலை 11, மாலை 6.24 மணி. வேலை முடிந்து வீடு திரும்பும் கூட்டத்தைச் சுமந்து வடக்கே போய்க்கொண்டிருந்த மும்பை புறநகர் ரயில்களில் குண்டுகள் வெடிக்கத் தொடங்கின. 11 நிமிடங்களில் ஏழு குண்டுகள். அவற்றில் ஒன்று மாட்டுங்கா ரோடு நிலையத்துக்கும் மாஹிமுக்கும் இடையே வெடித்தது, இன்னொன்று மாஹிமில். இரண்டும் தாராவிக்கு வெகு அருகில். அன்று 180க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 800க்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள்.

செல்போன் இணைப்புகள் திணறின. 108 ஆம்புலன்ஸ் சேவை மகாராஷ்டிரத்துக்கு வந்ததே 2014இல்தான். தண்டவாளத்தை ஒட்டிய குடிசைகளிலிருந்து ஓடிவந்தவர்கள் படுக்கை விரிப்புகளில் காயம்பட்டவர்களைத் தூக்கிச் சென்றார்கள். கிடைத்த வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். மும்பை அன்று நம்பியது முன்பின் தெரியாதவர்களின் கைகளைத்தான்.

அந்தக் கைகள் இன்றும் தேவைப்படுகின்றன. புறநகர் ரயில் பாதைகளில் 2023இலும் 2024இலும் ஆண்டுக்குச் சுமார் 2,500 பேர் இறந்தார்கள். சராசரியாக நாளொன்றுக்கு ஏழு பேர். ரயில் வேண்டாமென்றால் சாலை இருக்கிறது. செம்பூரைத் தொட்டுச் செல்லும் நெடுஞ்சாலைகளில் லாரிகளுக்கு நடுவே பைக்குகள் புகுந்து புறப்படுகின்றன. தாராவிக்குள்ளோ தோல் வெட்டும் கத்தியும் தகரம் அழுத்தும் பிரஸ்ஸும் பிளாஸ்டிக் அரைக்கும் இயந்திரமும் கைக்கு எட்டும் தூரத்தில் ஓடுகின்றன. முதலுதவிப் பெட்டியைக் கட்டாயமாக்கிய 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், மின்சாரம் பயன்படுத்தும் இடமானாலும் குறைந்தது பத்துத் தொழிலாளர்கள் இருந்தால்தான் பொருந்தியது. நாலைந்து பேர் வேலை பார்க்கும் பட்டறைகள் அதன் கண்ணில் படவே இல்லை.

தூக்குவதற்கு முன்

வளர்ந்த ஒருவரின் உடலில் ஓடுவது சுமார் ஐந்து லிட்டர் ரத்தம். அதில் இரண்டு லிட்டர் போய்விட்டால் உயிர் ஊசலாடும். தொடையிலோ மேற்கையிலோ பெரிய தமனி அறுந்துவிட்டால் அதற்குச் சில நிமிடங்களே போதும். ஆஸ்பத்திரி பக்கத்தில்தானே என்று காயத்தைத் திறந்தபடி விட்டு ஆளைத் தூக்கிக்கொண்டு ஓடுவது பெரிய ஆபத்து. நெரிசலில் டாக்ஸி ஊர்ந்து போகும் நேரம் முழுவதும் ரத்தமும் போய்க்கொண்டிருக்கும்.

முதலில் ஒருவரை 108க்குப் போன் செய்யச் சொல்ல வேண்டும். இன்னொருவர் சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து, இரண்டு உள்ளங்கைகளாலும் முழு பலத்தோடு அழுத்த வேண்டும். தோள் துண்டு, துப்பட்டா, சேலை முந்தானை எதுவும் உதவும். கையுறை இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொள்ளலாம். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும்.

அழுத்தத் தொடங்கியபின் கையை எடுக்கவே கூடாது. பத்து நிமிடமாவது அப்படியே இருக்க வேண்டும். காயத்தின் வாயில் ரத்தம் உறைந்து மெல்லிய அடைப்பு உருவாகும். நின்றுவிட்டதா என்று துணியைத் தூக்கிப் பார்த்தால் அந்த அடைப்பும் சேர்ந்து பிய்ந்துவிடும். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொரு துணியை வைத்து இன்னும் பலமாக அழுத்த வேண்டும். தொடை இடுக்கிலோ அக்குளிலோ ஆழமான காயமென்றால் துணியைக் காயத்துக்குள்ளேயே திணித்து அழுத்த வேண்டும். கம்பியோ கண்ணாடியோ குத்தி நின்றால் அதைப் பிடுங்கக் கூடாது. பல நேரம் அதுதான் ரத்தத்தை அடைத்துக்கொண்டிருக்கும். அதன் இரு பக்கத்திலும் அழுத்துவதே சரி.

கையோ காலோ நசுங்கி, அழுத்தியும் ரத்தம் நிற்காவிட்டால் 'டூர்னிகே' எனப்படும் இறுக்குக் கட்டு போட வேண்டும். மூன்று நான்கு விரல் அகலத் துணியைக் காயத்துக்கு நான்கு விரல் மேலே கட்டி, முடிச்சில் ஒரு குச்சியைச் செருகி, ரத்தம் நிற்கும்வரை முறுக்க வேண்டும். மூட்டின் மேல் கட்டக் கூடாது. கம்பியும் மெல்லிய கயிறும் சதையை வெட்டிவிடும். தாராவியில் மலிவாகக் கிடைக்கும் தோல் பெல்ட்டும் இதற்குச் சரிப்படாது. விறைப்பான தோலைப் போதிய அளவு முறுக்க முடியாது. அரைகுறையாக இறுக்கினால் ரத்தப்போக்கு கூடும். கட்டிய நேரத்தைக் குறித்து வைத்து டாக்டரிடம் சொல்ல வேண்டும். வழியில் தளர்த்தக் கூடாது. கட்டினால் கால் போய்விடும் என்ற பயம் பலருக்கு உண்டு. சரியாகப் போட்ட கட்டு இரண்டு மணி நேரம் வரை பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை.

விரல் துண்டாகிவிட்டால் அதை நேராக ஐஸில் போடக் கூடாது. ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வைத்துக் கூடவே எடுத்துச் செல்ல வேண்டும்.

காயம்பட்டவரைப் படுக்க வைத்துப் போர்த்த வேண்டும். தாகம் என்று தவிப்பார். ஆனாலும் ஆபரேஷன் தேவைப்படலாம் என்பதால் தண்ணீரோ டீயோ தரக் கூடாது. தமிழர் வீடுகளில் முதலில் கை போவது காபித்தூளுக்கும் மஞ்சளுக்கும் சுண்ணாம்புக்கும்தான். பீறிடும் ரத்தத்தை எந்தத் தூளும் நிறுத்தாது. டாக்டர் அதைக் கழுவி எடுக்கும் வேலைதான் மிச்சம்.

வீட்டுக்குள்ளும் உண்டு

இயந்திரமும் லாரியும் இல்லாத மாட்டுங்காவின் பழைய அடுக்கு வீடுகளிலும் ஆபத்து இருக்கிறது. இதய நோய்க்கோ ஸ்டென்ட் வைத்த பிறகோ ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும் முதியவர்களுக்குச் சின்னக் காயம்கூடச் சீக்கிரம் நிற்காது. காலில் நரம்பு சுருட்டிக்கொண்டவர்களுக்கு அது வெடித்து, வலியே இல்லாமல் ரத்தம் கொட்டலாம். தனியாக இருப்பவர் பதறி எழுந்து நடந்தால் போக்கு அதிகமாகும். உடனே படுத்து, காலை உயர்த்தி, அந்த இடத்தை அழுத்திப் பிடித்தாலே பெரும்பாலும் நின்றுவிடும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் உயிர் போனதும் உண்டு.

இவ்வளவும் தெரிந்தவர்கள்கூட விலகிப் போவதற்குக் காரணம் போலீஸ், கோர்ட் என்ற பயம். அந்தப் பயத்துக்கு இப்போது சட்டத்தில் பதில் இருக்கிறது. உயிருக்குப் போராடுபவருக்குச் சிகிச்சை தருவதே முதல் கடமை, போலீஸ் சடங்குகள் பிறகுதான் என்று சுப்ரீம் கோர்ட் 1989இலேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் எல்லா டாக்டர்களுக்கும் சொல்லிவிட்டது. சாலை விபத்தில் உதவுபவர்களைப் பாதுகாக்கும் விதிகளை 2016 மார்ச் 30 அன்று அது கட்டாயமாக்கியது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுபவர்மீது வழக்குப் போட முடியாது என்கிறது; பெயரைச் சொல்லும்படியும் அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் இந்தப் பிரிவு மோட்டார் வாகன விபத்துகளுக்கு மட்டுமே. பிரஸ்ஸில் கை சிக்கியவருக்கும் தண்டவாளத்தில் கிடப்பவருக்கும் உதவுபவரை இது நேரடியாகக் காப்பதில்லை.

அமெரிக்காவில் 2012இல் ஒரு பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு டாக்டர்கள் யோசித்து, ரத்தத்தை நிறுத்துவதைப் பொதுமக்களுக்கே கற்றுத்தரும் இயக்கத்தை 2015இல் தொடங்கினார்கள். அழுத்துவது, காயத்துக்குள் துணி திணிப்பது, இறுக்கிக் கட்டுவது என்ற மூன்றுதான் பாடம்.

தாராவியின் பட்டறைகளிலும் செம்பூரின் பள்ளிகளிலும் மாட்டுங்காவின் சபாக்களிலும் ஒரு மாலைப்பொழுதில் நடத்திவிடக்கூடிய பாடம் இது. ஒரு துண்டும் ஒரு குச்சியும் போதும். 2006இல் தண்டவாளத்துக்கு ஓடியவர்களை யாரும் அழைக்கவில்லை, அவர்களாகவே ஓடினார்கள். அடுத்த முறை ஓடுகிறவர்களுக்கு எங்கே, எப்படி அழுத்த வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.