சட்டமும் தோட்டப் பாடசாலையும்

கல்விக்கென ஒரு நாடு சட்டத்தால் ஒரு திணைக்களத்தை நிறுவுமாயின், அந்நாட்டுப் பிள்ளைகள் அனைவரும் அதன் நிழலில் வருவர் என்று எண்ணுதல் இயல்பு. நுவரெலியா, அற்றன் முதலிய மலைநாட்டுப் பகுதிகளின் வரலாறு வேறு விதமாக உரைக்கின்றது.

இலங்கையிற் பொதுப் போதனைத் திணைக்களம் 1869ஆம் ஆண்டில் அமைந்தது. கோப்பித் தோட்டங்களில் அக்காலத்திலேயே தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையினராய் இருந்தனர். ஆயினும், அவர்தம் மக்களின் கல்வியைத் திணைக்களம் தன் நேர்ப்பொறுப்பாக ஏற்கவில்லை. 1907ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் அப்பொறுப்பைத் தோட்டத் துரைமாரிடம் ஒப்படைத்தது. 6 முதல் 10 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஆசிரியரையும் பள்ளியறையையும் தோட்டமே அளித்தல் வேண்டும் என 1920ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. பிள்ளையின் கை கொழுந்து பறிக்க உதவும் என்று கருதக்கூடியவரிடமே அக்கையில் ஏடு கொடுக்கும் கடமையும் விடப்பட்டது. ஓராசிரியர் பாடசாலைகளும் தொடக்க வகுப்புகளோடு முடிந்த படிப்புமே பெரும்பாலும் இதன் விளைவாயின.

1939ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டம் கல்வித் திணைக்களத்தை நாட்டின் மத்திய கல்வி அதிகாரமாக்கிற்று. எனினும், தோட்டப் பாடசாலைகள் தனிவகையாகவே நின்றன. 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. தோட்டம் நிலமும் கட்டடமும் தர, அரசே பாடசாலையை நடத்துதற்கு 1947ஆம் ஆண்டுத் திருத்தம் வழிசெய்தது. ஆனால், அவ்வாறு எழுந்த பாடசாலைகள் மிகச் சிலவே. மறு ஆண்டே குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழருட் பெரும்பாலோர் குடியுரிமையற்றவராயினர். சட்டம் நடைபெறவில்லையே என்று வாக்கின் வலிமையால் வினவுதற்கு அவர்க்கு வழியில்லாது போயிற்று. 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவிபெறும் பாடசாலைகளை அரசு ஏற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் புறத்தே விடப்பட்டன.

1970களில், நிலச்சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே, இப்பாடசாலைகளும் படிப்படியாக அரசின் கைக்கு வந்தன. அதன்பின் ஆசிரியர் நியமனமும், மேல்வகுப்புகளும், பத்தனையிற் கல்வியியற் கல்லூரியும் தொடர்ந்தன. திணைக்களம் பிறந்த ஆண்டிலிருந்து கணக்கிடின், இடையிற் கழிந்தது ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட காலம்.

ஆதலின், கல்விச் சட்டமொன்றைப் படிப்போர் அது நிறுவும் திணைக்களத்தின் பெயரோடு நின்றுவிடலாகாது. கடமை எவர்மீது சுமத்தப்படுகின்றது, அதற்குரிய பொருள் எங்கிருந்து வருகின்றது, கடமை தவறின் வினவுவார் எவர் என்னும் மூன்றையும் ஆராய்தல் வேண்டும். இம்மூன்றுக்கும் விடையில்லாத சட்டம் லயத்துப் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்து வாராது.