கானமயிலின் வழியில் கம்பிகள்

கானமயில் பறக்கும்போது தலையைத் தாழ்த்தித் தரையைத்தான் பார்க்கும். வெட்டுக்கிளி எங்கே துள்ளுகிறது, நரி எங்கே பதுங்குகிறது, இறங்க எந்த இடம் தோது என்பதே அதன் கவலை. கண்கள் தலையின் இரு பக்கங்களில் இருப்பதால் பக்கவாட்டில் வெகுதூரம் தெரியும். நேர் எதிரே தெரிவது குறுகிய ஒரு பட்டைதான். தலை குனிந்தால் அதுவும் மறைந்துவிடும். திறந்த வெளிக்கு மேல் முட்டிக்கொள்ள எதுவுமே இல்லாத காலத்தில் உருவான கண்கள் அவை. இன்று அது பறக்கும் உயரத்தில் மின்கம்பிகள் ஓடுகின்றன. கம்பி கண்ணில் படும்போது 15 கிலோ வரை எடையுள்ள உடம்பைச் சட்டென்று திருப்ப முடிவதில்லை.

பெயரில் மயில் இருந்தாலும் இது மயில் இனம் அல்ல. ஒரு மீட்டர் உயரம், வெளிறிய நீண்ட கழுத்து, தலையில் கறுப்புத் தொப்பி, ஓடுவதற்கேற்ற வலுவான கால்கள். மழைக்காலத்தில் ஆண்பறவை கழுத்துப் பையை ஊதிப் பெருக்கி, வாலை விரித்து, அடிவயிற்றிலிருந்து ஒரு முழக்கம் எழுப்பும். மரங்கள் நிறைந்த இடத்தில் இந்த ஆட்டத்தைப் பெண்பறவையால் தொலைவிலிருந்து காண முடியாது. அதனால்தான் அதற்கு வெட்டவெளி வேண்டும்.

ஒரு காலத்தில் தமிழ்நாட்டின் வறண்ட சமவெளிகள் வரை பரவியிருந்த பறவை. 1969-இல் இந்தியாவில் சுமார் 1,260 இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். அண்மை மதிப்பீடுகள் 150-ஐ ஒட்டியே நிற்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் வட்டாரத்தில். பெட்டை ஒரு தடவைக்கு ஒரே ஒரு முட்டைதான், அதுவும் வெறுந்தரையில் இடும். நரியோ நாயோ அதைத் தின்றுவிட்டால் அந்த முயற்சி வீண். இத்தனை மெதுவாகப் பெருகும் இனத்தில் வளர்ந்த பறவை ஒன்று செத்தால் அந்த இழப்பை ஈடுகட்டப் பல ஆண்டுகள் ஆகும். தார் பாலைவனத்தில் மட்டும் ஆண்டுக்குப் பதினெட்டு கானமயில்கள் கம்பிகளில் மோதிச் சாகக்கூடும் என்று இந்தியக் காட்டுயிர் நிறுவனம் கணக்கிட்டது. மீதியை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஆனால் சிக்கல் கம்பியோடு தொடங்கவில்லை; ஒரு சொல்லோடு தொடங்கியது. வருவாய்த்துறை ஏடுகளில் புல்வெளிக்கு எழுதிய பெயர் 'தரிசு'. மரமில்லாத, வரி தராத நிலம் வீண் நிலம் என்பது வெள்ளையர் ஆட்சி விட்டுச்சென்ற கணக்கு. அந்தக் கணக்கை நம்பி நாமும் மரம் நட்டோம், கால்வாய் வெட்டிப் பாசன வயலாக்கினோம். இப்போது சூரியத் தகடு விரிக்கிறோம். சுட்டெரிக்கும் வெயிலும் விரிந்த வெளியும் சூரிய மின்சாரத்துக்கும் கானமயிலுக்கும் ஒருசேரப் பிடித்தவை என்பதுதான் துயரம். ராஜஸ்தானின் பாட்லா சூரியப் பூங்கா மட்டுமே சுமார் 14,000 ஏக்கர். அதன் திறன் 2,245 மெகாவாட். நிலக்கரியைக் குறைக்க அந்த மின்சாரம் தேவை, அதில் எனக்கு ஐயமில்லை. அதை எந்த வழியாகக் கொண்டுபோகிறோம் என்பதே கேள்வி.

2021-இல் உச்ச நீதிமன்றம், கானமயில் வாழும் பகுதிகளில் கம்பிகளை முடிந்தவரை மண்ணுக்கடியில் கொண்டுசெல்ல ஆணையிட்டது. அந்த ஆணை தொட்ட பரப்பு சுமார் 99,000 சதுர கிலோமீட்டர். உயர் அழுத்தக் கம்பிகளை அவ்வளவு தூரம் புதைப்பது நடக்காத காரியம் என்று அரசு முறையிட, 2024-இல் நீதிமன்றம் ஆணையைத் தளர்த்தி நிபுணர் குழுவிடம் ஒப்படைத்தது. இது பின்வாங்கல் என்று பலர் வருந்தினார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. எல்லா இடத்தையும் காப்போம் என்றால் எந்த இடத்தையும் காக்க முடியாது. பறவை முட்டையிடும் இடமும் அது நாள்தோறும் கடந்துபோகும் வழியும் எவை என்று வரைந்து, அங்கே மட்டும் விட்டுக்கொடுக்காமல் நிற்பதே நடக்கக்கூடியது. கம்பியில் தொங்கவிடும் மினுங்கும் தட்டுகள் மோதலைக் குறைக்கும், நிறுத்திவிடாது. முட்டையிடும் இடங்களுக்கு அவை போதாது.

எதிர்த் திசையிலும் தவறு நடந்திருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் கரேராவில் 1981-இல் சரணாலயம் அறிவித்தபோது மக்களின் வயல்களும் அதற்குள் அடங்கின. சொந்த நிலத்தை விற்கக்கூட முடியாமல் போன உழவர்களுக்குப் பறவையே பகையானது. 1990-களில் கானமயில் அங்கிருந்து மறைந்துவிட்டது. மகாராஷ்டிரத்தின் நானஜ் சரணாலயமோ ஊர்களையும் சாலைகளையும் உள்ளடக்கி 8,496 சதுர கிலோமீட்டராக இருந்து, பிறகு 1,222 ஆகச் சுருங்கியது.

ஜெய்சல்மேர் ஊர்களில் ஓரண் என்று ஒன்று உண்டு. நம் கோயில்காடு போல, தெய்வத்துக்கு விட்ட பொதுநிலம். அங்கே மரத்தை வெட்டமாட்டார்கள். ஆடும் ஒட்டகமும் மேயும். செவண் புல்லும் இலந்தையும் அங்கே தழைக்கின்றன. கானமயிலும் அங்கே இரை தேடுகிறது. அளவான மேய்ச்சல் அதற்குக் கேடல்ல. இந்த ஓரண்களில் பலவும் ஏட்டில் தரிசுதான். அவற்றின் பெயரைத் திருத்தி எழுதச் சொல்லி மேய்ப்பர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறார்கள்.

ஜெய்சல்மேர் வட்டாரத்தில் சாம் என்ற இடத்தில் 2019 முதல் காட்டிலிருந்து எடுத்த முட்டைகளைப் பொரிக்கவைத்துக் குஞ்சு வளர்க்கிறார்கள். 2024 அக்டோபரில் செயற்கைக் கருவூட்டலிலும் ஒரு குஞ்சு பிறந்தது. அவற்றின் வாரிசுகளை என்றாவது வெளியே விடவேண்டும். அதற்கான புல்வெளியில் இனி கம்பம் நடமாட்டோம் என்று இப்போதே எழுதிவைக்க வேண்டும். குஞ்சுகள் வளர்ந்தபிறகு இடம் தேடினால் தகடுகளுக்கு நடுவே தேட வேண்டியிருக்கும்.